கதவில் சிக்கிய கட்டில்

அன்பிலும் எடையிலும் என்னை என்றும் மிஞ்சி நிற்கும் மைத்துனனுக்கு,

வணக்கம் பல. நீயும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு கை வரவில்லை. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, ஊராரின் புகார்களுக்கெல்லாம் 'தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று பதில் எழுதியே தலை நரைத்தவன் நான். இன்று முதன்முறையாக நானே ஒரு புகார் எழுதுகிறேன். பெறுநர்: நீ. பொருள்: உன் மருமகள், அதாவது என் ஒரே மகள், திங்கட்கிழமை ஆரம்பிக்கிற பரீட்சையை எழுதமாட்டேன் என்கிறாள். கோரிக்கை: நீ உடனே கிளம்பி வந்து அவளிடம் பேசவேண்டும். அவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் விவரம்.

ஃபோன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டிலுள்ள ஃபோன்கள் எல்லாம், என்னுடையது உட்பட, பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் விதியைப் போட்டவனே விதியை மீறினால் வீடு என்னவாகும், நீயே சொல்.

எல்லாம் அந்தப் பெற்றோர் கூட்டத்தில் ஆரம்பித்தது. பெண் இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே சரியாகச் சாப்பிடுவதில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னம்மா என்றால் 'ஒண்ணுமில்லப்பா.' அந்தச் சமயத்தில்தான் அவள் கல்லூரியில், மாணவர்களின் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று பெற்றோர்களை உட்கார வைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். பேசியவர் ஒரு மனநல ஆலோசகர், சின்னப் பெண், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி பேசினார். வீட்டில் பரீட்சைப் பேச்சைக் கொஞ்சம் குறையுங்கள், ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மீன்தொட்டி மாதிரி ஏதாவது இருந்தால் மனசுக்கு இதம், காலையில் கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் சிரியுங்கள் என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பெண். ஆனால் நான் வேலை பார்க்கிற இடத்தில் 'கொஞ்சம்' என்ற சொல்லே கிடையாது, மச்சான். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் அதை முழுசாக அமல்படுத்த வேண்டும், இல்லையென்றால் விளக்கம் கேட்பார்கள். நான் முழுசாக அமல்படுத்தினேன்.

அன்று சாயங்காலமே 'பரீட்சை' என்ற வார்த்தைக்கு வீட்டில் தடை போட்டேன். கூடவே மார்க், பாஸ், ஃபெயில், கேள்வித்தாள் எல்லாவற்றுக்கும் தடை. உன் தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சாயங்காலமானால் பத்துப் பிள்ளைகள் டியூஷனுக்கு வீட்டுக்கு வருகின்றன என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் அவள் பிள்ளைகளிடம், "நாளைக்கு 'அது' இருக்கு. 'அதுல' இந்தக் கணக்கு கட்டாயம் வரும். போன தடவை மாதிரி 'அது' ஆயிடாதீங்க" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு பையனின் அம்மா மறுநாள் வாசலில் வந்து நின்று, "டீச்சர், அப்படி என்னதான் சொல்லித் தர்றீங்க? 'எது'ன்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்கிறான்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். உன் தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று கூடப்பிறந்த உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது கடிகாரம். இது ஆலோசகர் சொல்லாதது, என் சொந்த யோசனை. 'டிக் டிக்' என்று நேரம் ஓடுவது கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் படபடப்பு வராது? கூடத்துக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். ஃபோன்கள் பீரோவில், கடிகாரத்துக்கு ஓட்டமில்லை, ஆக வீட்டில் ஒருவருக்கும் மணி தெரியாது. டியூஷன் பிள்ளைகள் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இருட்டிய பிறகு அப்பாமார்கள் ஊர்வலமாக வந்து, "என்ன சார், பிள்ளைங்களைத் திருப்பித் தர்ற உத்தேசம் இருக்கா?" என்று கேட்டபோது நான் பிள்ளைகளின் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சரி, சத்தமில்லாத காரியமாகச் செய்வோம் என்று மீன்தொட்டி வாங்கினேன். "சார், இதுங்களைப் பார்த்துட்டே இருந்தா மனசு லேசாயிடும்" என்று கடைக்காரர் இரண்டு தங்கமீன்களைப் பிடித்துப் போட்டார். வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்டோமோ இல்லையோ, பெரியது சின்னதைத் துரத்த ஆரம்பித்தது. காலையில் துரத்துகிறது, மத்தியானம் துரத்துகிறது, இரை போட்டால் தின்றுவிட்டு வந்து துரத்துகிறது. பெண் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவம்ப்பா அது, ஒதுங்கிப் போக இடமே இல்ல" என்றாள். அந்தக் குரலில் என்னவோ இருந்தது. அப்போதே நான் நின்று கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் கடைக்கு ஓடிப்போய் சின்ன மீனுக்கு இன்னொரு தொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூச்சுப் பயிற்சியை நானே செய்து காட்டலாம் என்று ஒரு காலையில் பால்கனியில் நின்று, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினேன். எவ்வளவு நேரம் நிறுத்தவேண்டும் என்று ஆலோசகர் சொன்னதை மறந்துவிட்டேன், ஆகவே முடிந்தவரை நிறுத்தினேன். மாடி வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். அவர் மேலிருந்து என் முகம் போன நிறத்தைப் பார்த்துவிட்டு எப்படி இறங்கினார், எப்படி உள்ளே வந்தார் என்று தெரியாது. என்னைத் தரையில் மல்லாக்கப் போட்டு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார் பார், அம்மாடி! "விடுங்கம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்" என்று சொல்ல மூச்சு வேண்டுமே, அதைத்தான் அவர் அமுக்கி வெளியே தள்ளிவிட்டாரே. விலா இன்னும் வலிக்கிறது.

கடைசியாகச் சிரிப்பு. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டேன். நான் 'ஹா ஹா' என்று ஆரம்பித்தேன். உன் தங்கை தட்டைப் பார்த்தபடி 'ஹா' என்றாள். பெண் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா. அதைச் சொல்லக்கூட இந்த வீட்ல ஒரு வார்த்தை இல்லாமப் பண்ணிட்டீங்க. ஏதாவது சொன்னா உடனே ஒரு தொட்டி வாங்கிட்டு வரீங்க. நான் எழுதப் போறதில்ல. என்னை விட்டுடுங்க."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தாலாவது எனக்குக் கோபம் வந்திருக்கும். சத்தமில்லாமல் சாத்தினாள், மச்சான். எழுதாமல் விட்டால் ஒரு வருஷம் போகும், போகட்டும். ஆனால் அவள் அப்படியே அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுவாளோ என்றுதான் பயம்.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதற்கென்றே தெரியவில்லை, நம்முடைய விடுதி அறை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது மாடியில் கடைசி அறை. எவ்வளவு இழுத்தாலும் முழுசாகச் சாத்தாத ஜன்னல். நமக்கு முன்னால் இருந்தவர்கள் காம்பஸ் முனையால் பெயரைச் செதுக்கி வைத்த இரண்டு மேசை. பாதி முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. நீ இடது பக்கம் சவரம் பண்ணிக்கொள்ளும்போது நான் வலது பக்கத்துக்குக் காத்திருப்பேன். தொட்டாலே அலறுகிற இரும்புக் கட்டில்கள். எப்போதும் போர்வைக்குள்ளேயே கிடந்ததால் உனக்கு 'மூட்டை' என்று பேர். வராந்தாத் தூணில் சாய்ந்தே மனப்பாடம் பண்ணியதால் நான் 'தூண்'. இன்றைக்கு யாராவது என்னை 'டேய் தூண்' என்று கூப்பிட்டால் அவருக்கு என் சம்பளத்தையே கொடுத்துவிடுவேன்.

அந்தக் காலத்தில் மன அழுத்தம் என்ற வார்த்தையை யார் கண்டார்கள்? 'வயித்துல என்னமோ பண்ணுதுடா' என்போம், அவ்வளவுதான். பரீட்சை நெருங்கி அந்த 'என்னமோ' வந்துவிட்டால் நாம் செய்தது ஒன்றே ஒன்று. யார் முதலில் ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை, ஒருவன் எழுந்து, "டேய், அறையைத் திருப்பலாமா?" என்பான். உடனே ஜன்னல் பக்கக் கட்டில் கதவுப் பக்கம் போகும், கதவுப் பக்க மேசை ஜன்னலுக்கு வரும். கீழ் அறையிலிருந்து 'தாடி' துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவான். வார்டன் வந்து எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, படிக்க வந்தீங்களா, வீடு காலி பண்ண வந்தீங்களா?" என்பார். வேர்த்து விறுவிறுத்துப் புது இடத்தில் உட்கார்ந்தால், அதே புத்தகம்தான், அதே பாடம்தான், ஆனால் பயம் மட்டும் நம்மைப் பழைய மூலையில் தேடிக்கொண்டிருக்கும். நமக்கு இரண்டு மணி நேரம் கிடைத்துவிடும். அதற்குள் ஒரு பாடம் முடித்துவிடுவோம். அந்த அறை எங்கே இருக்கிறதோ, அதில் இப்போது யார் இருக்கிறார்களோ. நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது, மச்சான். நாம் ஒன்றும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை, சொல்லப்போனால் பாதி நாள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் சேர்ந்து நடுங்கினோம்.

அதிலும் அந்தக் கணக்குப் பரீட்சைக் காலையை மறக்க முடியுமா? நீ பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, "நான் ஊருக்குப் போறேண்டா, என்னால முடியாது" என்று கட்டிலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாய். நான்தான் ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலை உன்னோடு சேர்த்து இழுத்தேன். பாதி தூரம் போனதும் நீ இறங்கி மறுபக்கம் பிடித்தாய். அப்படியே குளித்து, அப்படியே போய் எழுதினோம். நான் மட்டும் அன்று அங்கே இல்லாவிட்டால் நீ என்ன ஆகியிருப்பாய்! இதை உன் தங்கையிடமோ பெண்ணிடமோ நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உன் மானத்தைக் காப்பாற்றியே வந்திருக்கிறேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் அறையிலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமானால் என்ன, கட்டில் தரையில் இழுபடுகிற சத்தம்! ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஒல்லிக் கையை வைத்துக்கொண்டு கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"தள்றேன்."

"எதுக்கு?"

"தெரியலப்பா. தள்ளணும் போல இருக்கு."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யார் சொல்லணும்?"

ரத்தம்டா, மச்சான், ரத்தம்! யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தள்ளு, நானும் வரேன்" என்று மறுபக்கம் பிடித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கட்டிலையே கூடத்துக்கு மாற்றிவிட்டால் அறை விசாலமாகுமே என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்து, நான் உள்ளேயிருந்து தள்ள, அவளும் உள்ளேயிருந்து தள்ள, பாதி வெளியே போனதும் கட்டிலின் ஒரு கால் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. முன்னால் தள்ளினால் போகவில்லை. பின்னால் இழுத்தால் வரவில்லை. இரண்டு பேரும் உள்ளே, உன் தங்கை வெளியே. என் முழங்கால் இருக்கிற நிலையில் அதன் மேல் ஏறித் தாண்டுவது என்பது ஆகிற காரியமில்லை. ஆம், இந்தக் கடிதத்தை நான் அறைக்குள்ளே சிறைப்பட்ட நிலையில், பெண்ணின் மேசையில், பெண்ணின் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். தச்சருக்கு ஆள் அனுப்பியிருப்பதாகவும், அவர் வேறு வேலையில் இருப்பதால் தாமதமாகும் என்றும் உன் தங்கை கட்டிலுக்கு மேலாகத் தகவல் சொன்னாள். டீயும் அந்த வழியாகவே வந்தது. ஏனோ சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். கட்டில் மாட்டிக்கொண்டபோது நான் "ஐயையோ" என்று அலறியதைக் கேட்டு உன் மருமகள் சிரித்தாள். உத்தரவு போடாமல், தானாக. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! பிறகு, கட்டில் ஏன் நகரவில்லை என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு, இந்த இடத்தில் உராய்வு, இந்த இடத்தில் விசை என்று அம்புக்குறி போட்டு எனக்கு விளக்கினாள். எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். "புரியலன்னா புரியலன்னு சொல்லுங்கப்பா" என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். பாதியில் அவளே நின்று, "இந்தச் சாப்டர்தான்ப்பா எனக்கு வராமலே இருந்துச்சு" என்றாள். இப்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை எழுதுவாளா என்று கேட்கலாம் என்றால் அந்த வார்த்தைக்குத்தான் நான் தடை போட்டிருக்கிறேனே. "திங்கட்கிழமை... 'அதுக்கு'...?" என்று இழுத்தேன். "எதுக்குப்பா?" என்றாள் நிமிராமலே. அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவேதான் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ கிளம்பி வா. உன் பேச்சென்றால் அவள் கேட்பாள். எனக்கு அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை, மச்சான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சின்னவர்களுக்கு ஆசிகள், உன் ரத்த அழுத்தத்துக்கு என் விசாரிப்புகள். நீ நூறு வயசு வரை இதே எடையோடு இருக்கவேண்டும். உன் மேலான நடவடிக்கையை எதிர்நோக்கி, தச்சரையும் எதிர்நோக்கி,

உன் அன்பு மைத்துனன்,
(பழைய) தூண்

பின்குறிப்பு: மாமா, இது நான். அப்பா மேசையிலேயே தலையை வச்சுத் தூங்கிட்டார். கடிதத்தை நான் படிச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. இது உங்க கைக்கு வர்றதுக்குள்ள திங்கட்கிழமை போயிடும், அதனால நீங்க அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். நான் எழுதப் போறேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. 'பரீட்சை'ங்கற வார்த்தையை அவர் வாயால சொல்லிக் கேக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருக்கேன்.

அப்புறம், அது ரத்தமெல்லாம் இல்ல. போன வாரம் மாடி வீட்டு நர்ஸம்மா ஃபோன்ல நான் உங்ககிட்ட அழுதப்போ நீங்க சொன்னீங்களே, கட்டிலை நகர்த்திப் பாருன்னு, அதைத்தான் பண்ணினேன். பாவம், அப்பா கண்ணெல்லாம் கலங்கிட்டார், அதான் சொல்லல.

இந்தக் கட்டில் காலெல்லாம் திருகுக் கால், மாமா. ரெண்டு சுத்து சுத்தினா கையோட வந்துடும். எனக்கு முதல்லயே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தச்சருக்கு ஆளே அனுப்பல, கூடத்துல உக்காந்து நிம்மதியா டீ குடிச்சிட்டு இருக்காங்க. அப்பா எந்த யோசனையும் பண்ணாம, எதுவும் வாங்கப் போகாம, என் பக்கத்துல இவ்வளவு நேரம் சும்மா உக்காந்து இப்பதான் பார்க்கறேன். நல்லா படிப்பு வருது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தப் பரீட்சை அன்னைக்குப் பெட்டியைக் கட்டி வச்சுட்டு அழுதது அப்பான்னு நீங்க சொன்னீங்க. கட்டிலை இழுத்தது நீங்கன்னு சொன்னீங்க. அப்பா இங்க அப்படியே மாத்தி எழுதியிருக்கார். நிஜத்தைச் சொல்லுங்க மாமா, ரெண்டு பேருமே அழுதீங்கதானே?

அப்பா முழிச்சுட்டார். "தச்சர் வந்தாச்சா?"ன்னு கேக்கறார். இன்னும் இல்லப்பான்னு சொல்லிட்டேன்.